குழாய் உடைவது ஒரு நாள், தண்ணீர் வருவது இன்னொரு நாள்: பனிக்காலத்தில் வீட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடுங்குளிர் தணிந்து வெயில் எட்டிப் பார்க்கும் நாளில்தான் பல வீடுகளில் சுவர் நனையத் தொடங்கும். உறைபனி கொட்டிய நாட்களில் எதுவும் நடக்கவில்லை. இப்போது கூரை சொட்டுகிறது, தரைவிரிப்பில் கால் வைத்தால் சளசளவென்கிறது. "குளிர்தான் போய்விட்டதே, இப்போது எப்படி?" என்று திகைத்துப் போகிறோம். உண்மையில் குழாய் சில நாட்களுக்கு முன்பே பிளந்துவிட்டது. உள்ளே இருந்த பனிக்கட்டியே மூடி போல நின்று தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தது. அது உருகியதும் தண்ணீர் பாய்கிறது.

இந்த இடைவெளி தெரியாததால்தான் பனிக்காலத்தில் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும் நாட்களில்தான் சேதம் உருவாகிறது. கண்ணில் படும்போது பாதிச் செலவு உறுதியாகிவிடுகிறது.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. அதனால் பனிக்கட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் குழாய் உடையும் என்று நினைப்பது இயல்பு. பல நேரங்களில் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் தண்ணீர் உறைந்து முழுதாக அடைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டி வளர வளர, தனக்கும் மூடிய டேப்புக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரை எளிதில் அமுக்க முடியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், குழாயில் எந்த இடம் பலவீனமோ அங்கே பிளக்கிறது. பனிக்கட்டி ஓரிடம், வெடிப்பு இன்னோரிடம்.

இதைப் புரிந்துகொண்டால் குளிர் இரவில் டேப்பை லேசாகத் திறந்து சொட்ட விடச் சொல்வது ஏன் என்பது தெரியும். ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது என்பது அதில் ஒரு பாதிதான். மெல்லிய கம்பி போல விழும் அந்தத் தண்ணீர், உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு ஒரு வழி விடுகிறது. நடுவில் உறைந்தாலும் குழாய் தப்பிக்க வாய்ப்பு உண்டு. பலர் குளிர்ந்த தண்ணீர் டேப்பை மட்டும் திறந்துவிட்டுச் சுடுதண்ணீர்க் குழாயை மறந்துவிடுகிறார்கள். பல வீடுகளில் அதுவும் அதே வெளிச்சுவர் வழியாகத்தான் வருகிறது. ராத்திரி முழுக்க ஹீட்டரிலிருந்து எதுவும் ஓடாதபோது அதுவும் ஆறிப்போன தண்ணீர்தான்.

"குழாய்க்கு உறை போட்டாச்சு, கவலையில்லை"

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். இன்சுலேஷன் உறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஒரு ராத்திரிக் குளிரைத் தாங்கும் உறை, மூன்று நாள் தொடர் குளிரில் தோற்றுப்போகலாம். குழாய்க்கு வீட்டுக்குள்ளிருந்து சூடு வந்துகொண்டே இருக்க வேண்டும். வெளிச்சுவரில் குழாய் ஓடினால், இன்சுலேஷன் குழாய்க்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். குழாய்க்கும் அறைக்கும் நடுவில் அடைத்தால், அறையின் சூடு குழாயை அடையாமல் நாமே தடுத்ததாகிவிடும். சிங்க் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைக் குளிர் இரவில் திறந்து வையுங்கள். காசு செலவில்லாத வேலை, நன்றாகப் பலன் தரும்.

காற்றையும் குறைத்து மதிப்பிடுகிறோம். கேபிள் உள்ளே வர சுவரில் போட்ட ஓட்டை ஒரு விரல் அகலம்தான் இருக்கும். அதன் வழியாக வரும் குளிர்காற்று நேராகக் குழாய்மேல் அடித்தால், சுற்றிலும் சூடாக இருந்தாலும் அந்த ஓரிடம் உறைந்துவிடும். பனிக்காலம் தொடங்குமுன் இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடி அடைப்பது, இன்னும் தடிமனான உறை வாங்குவதைவிட உருப்படியானது என்பேன்.

இன்சுலேஷன் இல்லாத குழாய்களுக்கு, வெளியே மைனஸ் 7 டிகிரி செல்சியஸை நெருங்குவதை எச்சரிக்கை எல்லையாகச் சொல்வார்கள். அடிக்கடி பனி பெய்யும் ஊர்களைவிட, எப்போதாவது குளிர் வரும் இடங்களில் சேதம் அதிகமாவதற்கும் காரணம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் உறைந்தபோது, மின்சாரமும் நின்றுபோய் ஏராளமான வீடுகளில் குழாய்கள் உடைந்தன. குளிரை எதிர்பார்க்காமல் கட்டிய வீடுகளில் கூரைக்கு அடியில் இருக்கும் பரண் வழியாகக்கூடக் குழாய்கள் ஓடும். "நம்ம பக்கம் அவ்வளவு குளிராது" என்பவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங்கை முழுதாக அணைத்துவிட்டுப் போவதும் பெரிய தவறு. வீட்டுக்குள் 13 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வை மூடி, டேப்புகளைத் திறந்து குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. தீயணைப்புத் தெளிப்பான் அதே இணைப்பில் இருந்தால் மட்டும் மூடுவதற்கு முன் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியட்டும். வருடத்துக்கு ஒருமுறை திருகியும் பாருங்கள். அவசரத்தில் துருப்பிடித்து அசையாத வால்வால் என்ன பயன்?

தோட்டத்து ஹோஸ் பைப் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். உறையாத வகை டேப்தானே என்று ஹோஸைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். அந்த டேப்பில் வால்வு சுவருக்குள், சூடான பக்கத்தில் இருக்கும். மூடியதும் மீதித் தண்ணீர் வடிந்துவிட வேண்டும். ஹோஸ் மாட்டியிருந்ததால் வடியாமல் நின்று, உறைந்து, சுவருக்குள்ளேயே பிளந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்கத் தெரியவில்லை. வசந்தத்தில் செடிக்குத் தண்ணீர் விட டேப்பைத் திறந்தபோது, வெளியே வந்ததைவிடச் சுவருக்குள் போனதுதான் அதிகம். ஹோஸைக் கழற்ற அரை நிமிடம் ஆகும். சுவரை உடைத்துப் பூச மூன்று வாரம் ஆனது.

உறைந்த குழாயை உருக்கும்போது

நெருப்பைக் காட்டாதீர்கள். குழாய்க்குள் நீராவி சேர்ந்து வெடிக்கலாம், சுவருக்குள் தீ பிடிக்கலாம். ஹேர் டிரையரோ சுடுதண்ணீரில் நனைத்த துணியோ போதும். தண்ணீர் தேங்கிய இடத்தில் மட்டும் ஹேர் டிரையர் வேண்டாம். டேப்பைத் திறந்து வைத்து, டேப் பக்கமிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிப் போக வேண்டும். நடுவிலிருந்து உருக்கினால், உருகிய தண்ணீருக்குப் போக இடமிருக்காது. குழாய் ஏற்கெனவே பிளந்திருக்கலாம் என்பதை மறக்காமல், மெயின் வால்வு பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூரையிலும் இதே கதைதான். ஓரத்தில் ஈட்டி ஈட்டியாகத் தொங்கும் பனியைப் பார்த்ததும் குளிர் அதிகம் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் அதற்குக் காரணம் வீட்டுச் சூடு. அறையின் சூடு பரணுக்கு ஏறி, கூரைமேல் இருக்கும் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. அந்தத் தண்ணீர் கீழே வழிந்து, அடியில் சூடில்லாத ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. நாளாக ஆக அது ஓர் அணையாகிவிடும். பின்னால் தேங்கும் தண்ணீர் கூரை அடுக்குகளின் இடுக்கில் புகுந்து உள்ளே இறங்கும். சுத்தியலால் அந்தப் பனியை உடைத்தால் கூரையும் சேர்ந்து உடையும். மேலே ஏறினால் நீங்களும் விழுவீர்கள். தரையில் நின்றபடியே நீளக்கோலால் பனியை இழுத்துவிடுவது அப்போதைக்கான வழி. நிலையான தீர்வு, அறையிலிருந்து பரணுக்குச் சூடு கசியும் ஓட்டைகளை அடைத்து, பரண் தரையில் இன்சுலேஷன் போட்டு, கூரைக்கு அடியில் காற்றோட்டம் தருவதுதான்.

சரி, தண்ணீர் வந்தேவிட்டது. மெயின் வால்வை மூடுங்கள். ஸ்விட்ச் பாக்ஸ் அருகிலோ பிளக் மட்டத்திலோ தண்ணீர் நின்றால் அங்கே கால் வைக்காமல், மின்சாரத்தை நிறுத்த ஆளைக் கூப்பிடுங்கள். உட்கூரை பலூன் மாதிரி தொங்கினால் அதன் நேர் கீழே நிற்க வேண்டாம். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. அப்புறம் காப்பீட்டுக்காக, எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். திடீரென்று குழாய் வெடித்ததற்குப் பணம் தரும் பல காப்பீடுகள், பல நாள் கசிவுக்கும் கவனிக்காமல் விட்டதற்கும் தருவதில்லை.

தரையைத் துடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஜிப்சம் பலகைச் சுவர் தண்ணீரை அடியிலிருந்து மேல்நோக்கி உறிஞ்சும். வெளிப்பக்கம் காய்ந்திருக்கும், உள்ளே ஓதம் அப்படியே நிற்கும். நனைந்த இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வரத் தொடங்கலாம். காயாத சுவர்மேல் பெயின்ட் அடிப்பது அந்தப் பூஞ்சைக்குப் போர்வை போர்த்துவது போல.

குளிர் விட்ட முதல் நாள் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். வீட்டில் எல்லா டேப்புகளையும் மூடி, தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் பயன்படுத்தாமல் இருந்து, மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால், எங்கோ ஓரிடத்தில், ஒருவேளை சுவருக்குள்ளேயே, ஒழுகிக்கொண்டிருக்கிறது. மெயின் வால்வை மூடிவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.