பாமர்ஸ்டன் பதவி போன கதைய தப்பா படிக்காதீங்க

1851 டிசம்பர்ல இங்கிலாந்து வெளியுறவு மந்திரி பாமர்ஸ்டன தூக்கிட்டு அவர் எடத்துல கிரான்வில்ங்கறவர போட்டாங்க. இதப் படிக்கிற நிறைய பேரு, பிரான்ஸ் ஜனாதிபதி லூயி நெப்போலியனோட ஆட்சிக் கவிழ்ப்ப ஆதரிச்சாரு, அதனால வேல போச்சுன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. அந்த இடத்துலதான் மொத்த விஷயமும் நழுவிடுது.

டிசம்பர் 2 பாரிஸ்ல கவிழ்ப்பு நடக்குது. சூட்டோட சூடா லண்டன்ல இருந்த பிரெஞ்சு தூதர் வலேவ்ஸ்கிகிட்ட பாமர்ஸ்டன் நடந்தது சரிதான்னு வாய்விட்டு சொல்லிடுறாரு, ஆனா கேபினட் எடுத்த முடிவோ நடுநிலை, அந்த உத்தரவோட பாரிஸ்ல இருந்த இங்கிலாந்து தூதர் நார்மன்பி பிரெஞ்சு மந்திரி துர்கோவப் பாக்கப் போனா, உங்க மந்திரி எப்பவோ ஒத்துக்கிட்டாரேன்னு பதில் வருது. நார்மன்பிக்கு எப்படி இருந்திருக்கும், நெனச்சுப் பாருங்க! ராணி விக்டோரியா 1850 ஆகஸ்ட்லயே எழுத்துல சொல்லியாச்சு, என்ன செய்யப்போறீங்கன்னு முன்னாடியே தெளிவா சொல்லணும், நான் ஒப்புதல் குடுத்தப்புறம் இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு. கேக்காம கொள்ளாம பேசினதுதான் குத்தம், பேசின கருத்து அதுக்கப்புறம்தான்.

அதனால ஆளு மாறினதும் பாலிசி மாறிடுச்சுன்னும் எழுதாதீங்க. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1852 டிசம்பர்ல, அதே லூயி நெப்போலியன் பேரரசர் ஆனப்ப இங்கிலாந்து அங்கீகரிச்சுது, அப்போ வெளியுறவு மந்திரி மாம்ஸ்பரி. 1854ல ரெண்டு நாடும் ஒண்ணா சேந்து ரஷ்யா மேல போருக்கே போச்சு.

பதவி போனவரு ஒழிஞ்சாருன்னு அடுத்த பக்கத்துக்குத் தாவுறதும் தப்பு. அவர நீக்கின பிரதமர் ரசல் 1852 பிப்ரவரில மிலிஷியா (உள்நாட்டுக் காவல் படை) மசோதா கொண்டுவந்தப்ப, பாமர்ஸ்டன் ஒரு திருத்தம் போட்டு ஜெயிச்சு அந்த அரசாங்கத்தையே கவுத்துட்டாரு, கைல பதவியே இல்லாதப்ப! வருஷக் கடைசில உள்துறை, 1855ல பிரதமர்.

இங்கிலாந்த வச்சு மத்த நாட்ட அளக்காதீங்க. ரஷ்யால நெசல்ரோடங்கறவரு 1816ல இருந்து 1856 வரைக்கும் வெளியுறவத்தான் பாத்தாரு, மேல ஜார், அதாவது ரஷ்யப் பேரரசர், மூணு பேரு மாறியாச்சு. அங்க கடைசி சொல்லு ஜார் கைல, அதனால மந்திரி பேர விட எந்த ஜார் காலம்னு மொதல்ல பாருங்க. ரஷ்யால பழைய ஜூலியன் காலண்டர்ங்கறதால அவங்க தேதி அப்போ 12 நாள் பின்னாடி ஓடுச்சு, அதையும் சரிபண்ணாம ஒரே வரிசைல போட்டீங்கன்னா கடிதம் வர்றதுக்கு முன்னாடியே பதில் போன மாதிரி ஆயிடும்.