இடது காலில் மட்டும் வந்த வலி

ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் இடது கணைக்கால் எலும்பின் உட்புறம் ஒரு சாண் நீளத்துக்கு வலித்தது. (ஒரே புள்ளியில் குத்தினால் எலும்பு விரிசலாக இருக்கலாம்; மருத்துவரைப் பார்க்க வேண்டும்.) ஓய்வு, ஐஸ் ஒத்தடம், புதிய ஷூ எதுவும் பலிக்கவில்லை.

பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்தபோதுதான் இடது அடியின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பது தெரிந்தது. எதிரே வரும் வண்டிகளைக் கவனிப்பதற்காக நாள்தோறும் சாலையின் வலது ஓரத்திலேயே ஓடியிருக்கிறேன். மழைநீர் வடிய அந்த ஓரம் சரிந்திருப்பதால், மேட்டுப் பக்கம் பதிந்த இடது பாதம் ஒவ்வோர் அடியிலும் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

சமதள மைதானத்துக்கு மாறினேன். முழங்காலைச் சற்று மடக்கியபடியே குதிகாலை உயர்த்தி, மூன்று விநாடியில் மெதுவாக இறக்கும் பயிற்சியை நாள் விட்டு நாள் 15 முறை வீதம் 3 சுற்று செய்தேன். மடக்கினால்தான் கெண்டைச் சதைக்கு அடியிலுள்ள சோலியஸ் தசை அதிகச் சுமையை ஏற்கும். ஆறாவது வாரம் 5 கிலோமீட்டரை வலியின்றி ஓடி முடித்தபோது பெரும் நிம்மதி.