மடக்கு ஷவல் வாங்கும்போது முதலில் கழுத்தைப் பாருங்கள்

மழைக்காலம் நெருங்கும்போது டார்ச், பேட்டரி, கயிறு, முதலுதவிப் பெட்டி என்று அவசரப் பையை நிரப்புகிறவர்கள், கடைசியில் ஒரு மடக்கு ஷவலையும் வாங்கிப் போடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பையில் ஆள் ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள பொருளும் அதுவே. டார்ச் எரியவில்லை என்றால் வீட்டிலேயே தெரிந்துவிடும். ஷவலின் குறையோ, கார் சேற்றில் புதைந்து நிற்கும்போதுதான் வெளியே வரும்.

எத்தனை வேலை செய்யும் என்று பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. ரம்பம், கத்தி, ஸ்க்ரூடிரைவர், விசில், நெருப்புக்கல், திசைகாட்டி எல்லாவற்றையும் ஒரே பிடிக்குள் அடக்கி விற்கிறார்கள். அவற்றுக்கு இடம் வேண்டுமென்று பிடியைக் குழாயாக்கி, துண்டு துண்டாக வெட்டி, மரை போட்டு இணைத்திருப்பார்கள். அந்த ஒவ்வொரு மரையும் ஒரு பலவீனம். மணல் புகுந்தால் இறுகிக்கொள்ளும். தோண்டும் அதிர்ச்சியில் தளர்ந்து கழலும். திசைகாட்டியின் கதை இன்னும் வேடிக்கை: சுற்றிலும் இரும்பை வைத்துக்கொண்டு அதன் முள் எந்தத் திசையைக் காட்டினாலும் நம்புவதற்கில்லை.

போர்க்களத்துக்கென்றே உருவான ஷவல்களைப் பார்த்தால் எது தேவை என்பது புரியும். டென்மார்க் ராணுவ அதிகாரி லின்னெமன் 1869-இல் வடிவமைத்த சிறு ஷவலின் வழியில் வந்ததுதான் சோவியத் படையினரின் எம்.பி.எல்.-50. நீளம் 50 செ.மீ. மரப்பிடி, இரும்புத் தகடு, அவ்வளவுதான். மடங்காது, கழலாது. அதனால்தான் அது அவ்வளவு எளிதில் உடையவில்லை.

மடங்கியே தீரவேண்டும் என்றால், தகடும் பிடியும் சேரும் கழுத்தில்தான் கண் இருக்க வேண்டும். மூன்றாக மடங்கும் ராணுவ வகை ஷவல் விரித்தால் ஏறத்தாழ 60 செ.மீ., மடித்தால் 25 செ.மீ.க்குள் இருக்கும், எடை சுமார் ஒரு கிலோ. அதன் கழுத்தில் ஒரு பெரிய நட்டு இருக்கும். அதைத் திருகித்தான் தகட்டை நேராகவோ, மண்வெட்டி போல் செங்குத்தாகவோ நிறுத்த வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோருக்குக் கைவந்தது மண்வெட்டி வேலைதான் என்பதால், அவசரத்தில் கை தானாகவே இந்தச் செங்குத்து நிலையைத்தான் தேடும். கழுத்துக்கு மிக அதிகச் சுமை விழுவதும் அந்த நிலையில்தான். ஆகவே கடையிலேயே தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, நட்டை இறுக்கி, நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அழுத்திப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே ஆடுகிற கழுத்து, சேற்றில் இன்னும் மோசமாக ஆடும். இணையத்தில் வாங்கினால் வந்த அன்றே இதைச் செய்யுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் செய்து பயனில்லை.

தகடு விரலால் அழுத்தினாலே வளைகிறது என்றால் வேண்டாம். பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகுதான் உயர்ந்தது என்ற எண்ணமும் எப்போதும் சரியல்ல. கார்பன் எஃகு துருப்பிடிக்கும். ஆனால் ஓர் அரத்தை வைத்து விளிம்பைத் தீட்டிக்கொள்ளலாம், அடித்தால் தாங்கும். நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று அதைச் சும்மா விடாது. தகட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் மரையில் கொஞ்சம் கிரீஸும் தடவி வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுக்கும்.

மண்ணை மறந்துவிட்டு வாங்குவதும் நடக்கிறது. கோவில்பட்டிக் கரிசல் மண்ணும் டெல்டாவின் களிமண்ணும் நனைந்தால் தகட்டில் அப்பிக்கொண்டு விழ மறுக்கும். அங்கே ஓட்டைகளும் பற்களும் நிறைந்த தகடு வீண் தொல்லை. வழுவழுப்பான தகடும், வழித்தெடுக்க ஒரு குச்சியும் நல்லது. காய்ந்த செம்மண்ணுக்குக் கூர்முனை வேண்டும். தூத்துக்குடித் தேரி மணலிலும் தனுஷ்கோடிக் கடற்கரையிலும் கூர்முனைக்கு வேலையே இல்லை. தோண்டத் தோண்டச் சரியும் மணலை அள்ளி எறிய அகலமான, குழிந்த தகடுதான் உதவும். வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குள் தங்கும் வண்டலை வாரவும் அதுவே. பனிப்பிரதேசத்துக்குப் போகிறவர்கள் கணக்கு வேறு. பனிச்சரிவில் விழுந்த பனி இறுகிக் கெட்டியாகிவிடும். பிளாஸ்டிக் தகடு அதில் உடையும், உலோகம் வேண்டும். கனடாவில் காரோடு பனியில் மாட்டிக்கொண்டவர், எஞ்சினை ஓடவிடுவதற்கு முன் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியைத்தான் முதலில் அள்ள வேண்டும். இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அப்படிப்பட்ட நாளில் ஷவல் விளிம்பின் ரம்பப் பற்களை நம்பி நிற்கக் கூடாது. அவை வேரைக் கீறும், மரத்தை அறுக்காது. அரிவாளையோ கைரம்பத்தையோ தனியாக வையுங்கள். பற்கள் இருந்தே தீரும் என்றால் உறையோடு வாங்குங்கள். இருட்டில் பைக்குள் கைவிடுகிறவரின் விரல் முக்கியம்.

கார் புதைந்தால், சக்கரத்தைச் சுழலவிட்டு ஆழமாக்கிய பிறகு ஷவலைத் தேடுவது வழக்கம். முன்பே இறங்கி, வெளியேறப் போகும் திசையில் சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி, காரின் அடிவயிறு மண்ணில் தட்டியிருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்குக் கை எட்ட வேண்டும் என்பதால், கையடக்கமான 40 செ.மீ. பொம்மைகளால் பயனில்லை. ஜாக்கி இறங்குகிறதே என்று ஷவல் தகட்டை அதன் அடியில் வைப்பவர்களும் உண்டு. வளைந்த தகடு வழுக்கும், கார் விழும். ஜாக்கிக்கு ஒரு கனமான பலகைத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கியில் எல்லாச் சாமானுக்கும் அடியில் ஷவலைப் புதைத்து வைத்தால், அதை எடுக்க மழையில் சாமான்களை ரோட்டில் இறக்க வேண்டியிருக்கும். கட்டாமல் மேலே போட்டாலும் ஆபத்து: திடீர் பிரேக்கில் ஒரு கிலோ இரும்பு முன்னால் பறந்து வரும். ஓரமாக, பட்டையால் கட்டி வையுங்கள். கையுறையையும் அதோடே சேர்த்துக் கட்டுங்கள்.

காரே இல்லாத வீட்டுக்கு நான் மடக்கு ஷவலைச் சொல்லமாட்டேன். உள்ளூர்ச் சந்தையில் நல்ல மண்வெட்டி ஒன்றை வாங்கி, பிடியைக் குட்டையாக்கிப் போட்டுக்கொண்டால் அதற்கு ஈடு கிடையாது. மணல் மூட்டை நிரப்ப அதுவே போதும். மூட்டையை முழுக்க அடைக்காமல் பாதியளவே நிரப்புங்கள். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று இடைவெளியின்றிப் படியும். தற்காலிகக் கழிப்பறைக் குழியைக் கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள்.

எந்த ஷவலானாலும் தொடக்கூடாத இடங்கள் சில உண்டு. சென்னையில் பல பகுதிகளில் மின்கேபிள்கள் பூமிக்கடியில் ஓடுகின்றன. வெள்ளத்தை வடிக்கிறேன் என்று மின்பெட்டிக்குப் பக்கத்தில் வாய்க்கால் வெட்டாதீர்கள். இடிபாட்டுக்குள் ஆள் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் கூர்முனையால் குத்தக்கூடாது, கையால்தான் அள்ள வேண்டும். அதற்கு முன் 112-ஐயோ, தமிழகத்தில் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐயோ அழைத்துவிடுங்கள்.