"வீட்டுல என்ன பேசுவீங்க?": ஓசூர்ப் பக்கம் மொழி கேட்கும் முறை

கணக்கெடுப்பு, மருத்துவ முகாம், மகளிர் குழு என்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வீடு வீடாகப் போகிறவர்களுக்கான குறிப்பு இது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். முகத்தைப் பார்த்தே மொழியைச் சொல்லிவிடுவேன் என்கிறவர்தான் இங்கே அதிகம் சறுக்குவார்.

முதல் பேச்சைத் தமிழிலேயே தொடங்குங்கள். நிதானமாகப் பேசினால் போதும், சத்தம் போட வேண்டாம். பதில் எந்த மொழியில் வருகிறதோ அதிலேயே நில்லுங்கள். பதில் தமிழில் வந்து, அதில் கன்னட வாடை அடித்தால் உடனே கன்னடத்துக்குத் தாவாதீர்கள். உதவி என்று நினைத்துத்தான் தாவுவீர்கள். எதிரில் இருப்பவருக்கோ "உங்க தமிழ் சரியில்லை" என்று கேட்கும். மூன்று தலைமுறையாக அதே வீட்டில் இருப்பவரிடம் "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பது அதைவிட மோசம்.

கேட்டே ஆக வேண்டுமென்றால் சொல்லைத் தேர்ந்து கேளுங்கள். "நீங்க தெலுங்கா?" என்பது இந்தப் பக்கம் மொழிக் கேள்வியே அல்ல. நாயுடுவா, ரெட்டியா என்று சாதியைத் துருவுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். "கன்னடக்காரரா?" என்பதில், வெளி மாநிலத்து ஆளா என்ற தொனியும் சேர்ந்துவிடும். "வீட்டுல என்ன பேசுவீங்க?" என்று கேட்டால் இந்த வில்லங்கம் இல்லை. தமிழ் சரளமாக வராதவரிடம், தெலுங்கில் "மீகு ஏ பாஷ சுலுவு?", கன்னடத்தில் "நிமகெ யாவ பாஷெ சுலபா?" என்று கேட்கலாம்.

அடுத்த கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்: "எழுதினது எந்த மொழியில இருந்தா படிப்பீங்க?" பேச்சும் எழுத்தும் ஒன்றென்று நினைத்துத் தெலுங்கு வீட்டுக்குத் தெலுங்குத் துண்டறிக்கை கொடுத்தால், பல வீடுகளில் அது மடித்து வைக்கத்தான் ஆகும். தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. 2006-07-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாகத் தமிழ் கட்டாயப் பாடமாக ஏறியது. வீட்டில் தெலுங்கு பேசும் இளையவர்கள் தமிழைத் தடையில்லாமல் வாசிப்பதைப் பார்க்கலாம். தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளில் படித்தவர்களும் உண்டு. அதனால்தான் கேட்கச் சொல்கிறோம்.

ஏமாற்றும் அடையாளங்களில் முதலாவது பெயர். ரெட்டி என்று முடிந்தாலும் வீட்டில் தமிழ் மட்டுமே இருக்கலாம். முஸ்லிம் பெயர் என்றால் உருது என்பதும் தப்புக்கணக்கு. தமிழைத் தவிர வேறு தெரியாத முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. டி.என்.70 வண்டி எண் ஓசூரில் பதிவானது என்பதை மட்டும்தான் சொல்லும். அரூர் பக்கம் சித்தேரி மலையில் சாதிச் சான்றில் "மலையாளி" என்று இருப்பதைப் பார்த்துக் கேரளம் என்று எழுதிவிடாதீர்கள். அது மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர், அவர்கள் பேசுவது தமிழ். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து அறைகளில் தங்கியிருக்கும் எல்லோரையும் "இந்திக்காரங்க" என்று சேர்த்துவிடுவதும் அப்படித்தான். ஒடிசாக்காரருக்குத் தாய்மொழி பெரும்பாலும் ஒடியா; இந்தி அவருக்கும் வெளியில் கற்றதாக இருக்கலாம்.

ஒரே சொல் வேறு பொருள் தரும் இடத்தில் விழிப்பு வேண்டும். தெலுங்கில் "அவசரம்" என்றால் தேவை. "பென்ஷனுக்கு மனு போடணுமா?" என்று நீங்கள் கேட்டு, பாட்டி "அவசரம் லேது" என்றால், வேண்டாம் என்கிறார். மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிக்கொண்டால் மறுபடியும் நடக்க வேண்டியதுதான். கன்னடத்தில் அதே சொல்லுக்குத் தமிழைப்போல அவசரம்தான் பொருள்! சாப்பாடு பரிமாறும்போது கன்னடக்காரர் "சாகு, சாகு" என்றால் பதறாதீர்கள், போதும் என்கிறார்.

தாய்மொழியைப் பதிவு செய்யும்போது குடும்பத்துக்கு ஒன்று என்று நிரப்பாதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விதிப்படி, சிறுவயதில் தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்திருந்தால், அந்த வீட்டில் அப்போது பெரும்பாலும் பேசிய மொழி. ஆளாளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளுக்குக் கன்னடமும் மாமியாருக்குத் தெலுங்குமாக இருக்கலாம்.

மருத்துவ முகாமில் பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்ப்புக்கு நிறுத்தாதீர்கள். மாதவிடாய், மூலம் போன்றவற்றை அம்மா மகன் வாயால் சொல்லமாட்டார். "தலைவலி" என்று முடித்துவிடுவார். அக்கம்பக்கத்துப் பெண் ஒருவரை, நோயாளியின் சம்மதத்தோடு கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையில் 1-0-1 (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதி, சூரியனும் நிலாவும் வரைந்துவிட்டால் மொழிச் சிக்கலே இல்லை.

பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள்: பேச, படிக்க. "தெ / த" என்று குறித்தால், பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ் என்று அடுத்து வருபவருக்கு விளங்கும். கேட்காமல் நீங்களாக நிரப்பியதென்றால் பென்சிலில் எழுதுங்கள், கேட்ட பிறகு பேனாவில்.