சேற்றுப் பாதைக்கு ஒரு சைடு-பை-சைடு: எதைப் போடலாம், எதை விட்டுவிடலாம்

முதலில் ஸ்நார்க்கல் வாங்காதீர்கள். சைடு-பை-சைடை மழையில் ஓட்டப் போகிறேன், வண்டியில் என்னென்ன போடலாம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான். கேட்டவர் முகம் கொஞ்சம் வாடிவிடும். எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்க, வண்டிக் கூண்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்புக் குழாய்கள் படத்தில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்காதவருக்கு அவை அலங்காரம் மட்டுமே. பெரும்பாலான வண்டிகளின் கையேட்டிலேயே, கால் வைக்கும் தளத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் இடத்தில் இறங்காதே என்று எழுதியிருக்கும். அதை மதித்தால் ஸ்நார்க்கலுக்கு வேலையே இல்லை. வண்டியைக் கெடுப்பது நாம் கண்ணால் பார்க்கும் ஆழமான தண்ணீர் இல்லை. சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும் தண்ணீர்தான்.

சைடு-பை-சைடைப் பார்க்காதவர்களுக்கு: இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் திறந்த வண்டி. ஸ்டீயரிங், பெடல் எல்லாம் கார் மாதிரியே. சுற்றிலும் இரும்புக் கூண்டு, நீளமான சஸ்பென்ஷன். நான் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட்டில். ட்ரெய்லரில் ஏற்றி ஐ-77 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் இரண்டரை மணி நேரம் போனால் மேற்கு வர்ஜீனியாவின் பிராம்வெல். அங்கிருந்து, இந்த மாதிரி வண்டிகள் ஓட்டும் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் மலைப்பாதைகளில் ஏறிவிடலாம். 2000ஆம் ஆண்டு திறந்த பாதைகள். இன்று எல்லாவற்றையும் சேர்த்தால் 1,000 மைலுக்கு மேல். அவற்றில் போகஹான்டஸ், இந்தியன் ரிட்ஜ், வாரியர் என்ற மூன்று பிரிவுகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. பெர்மிட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் என்பதால் மழையும் சேர்ந்தேதான் கிடைக்கும். பழைய நிலக்கரி நாடு. களிமண், உடைந்த பாறைத் துண்டு, கரித்தூள் மூன்றும் மழையில் கலந்தால் வரும் கறுப்புச் சேறு புகாத இடுக்கே வண்டியில் கிடையாது. நான் சொல்வதெல்லாம் இந்த மாதிரிப் பாதையை மனதில் வைத்துத்தான். லூசியானா சதுப்பில் வண்டியை மூழ்கடித்து விளையாடுபவர்களுக்கு வேறு கணக்கு.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ப்ரீதர் குழாய்களில். முன் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), கியர்பாக்ஸ், சில வண்டிகளில் பின் கியர் கேஸ் என ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட ஒரு சிறு ரப்பர் குழாய் உண்டு. ஓட்டும்போது உள்ளே எண்ணெயும் காற்றும் சூடாகி, காற்று விரிந்து அந்தக் குழாய் வழியே வெளியேறும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த ஓடையில் இறங்கினால் கேஸ் சட்டென்று ஆறும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்றை இழுக்கும், கீழே இருந்தால் தண்ணீரை. வாய் சேற்றில் அடைத்திருந்தால் இன்னும் மோசம். சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீலின் உதட்டு வழியாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முழங்கால் அளவு தண்ணீரில்கூட டிஃபரன்ஷியல் கெடுவது இப்படித்தான்.

அதனால் வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு ப்ரீதரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். சிலவற்றைக் கம்பெனியே உயரமாகக் கொண்டுபோயிருக்கும். சில, சேஸிஸ் குழாய்க்குள் செருகியபடி தாழ்வாகவே நிற்கும். தாழ்ந்தவற்றை மட்டும் நீட்டினால் போதும். அதே உள்விட்டத்தில், எண்ணெயைத் தாங்கும் ரப்பர் குழாயை வாங்கி, டேஷ்போர்டின் அடிப்பக்கம் வரைக்கோ கூண்டின் தூண் வரைக்கோ கொண்டுபோங்கள். நடுவில் எங்கும் தொங்கி வளையக் கூடாது, அந்த வளைவில் ஈரம் தேங்கும். முனையைக் கீழ்நோக்கி வளைத்து, சிறிய ஃபில்டர் ஒன்றைச் செருகுங்கள். கேபிள் டை போட்டுக் கட்டும்போது குழாய் நசுங்காமல் பாருங்கள். நசுங்கிய ப்ரீதரும் அடைத்த ப்ரீதரும் ஒன்றுதான். பெட்ரோல் டேங்கின் வென்ட்டை இவற்றோடு சேர்த்து ஒரே குழாயாக்கும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம். அது தனியாகவே இருக்கட்டும்.

அடுத்தது பெல்ட். போலாரிஸ், கேன்-ஆம், யமஹா, கவாசாகி என்று பெரும்பாலான சைடு-பை-சைடுகளில் எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துவது இரண்டு கிளட்ச்களுக்கு நடுவே ஓடும் ரப்பர் பெல்ட். (ஹோண்டாவின் டேலன் 1000, பயனியர் 1000 வைத்திருப்பவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம். அவற்றில் பெல்ட் கிடையாது, கியர்தான். சேற்றில் மட்டும் அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படுவேன்.) பெல்ட் வேலை செய்வது உராய்வில். கிளட்ச் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் உராய்வு போய்விடும். எஞ்சின் அலறும், வண்டி நகராது, ரப்பர் கருகும் வாடை வரும். அப்போது ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிப்பதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. மிதித்தால் பெல்ட் ஒரே இடத்தில் தேய்ந்து பளபளத்துவிடும். அப்புறம் காய்ந்தாலும் பிடிக்காது. உடனே நிறுத்துங்கள். நியூட்ரலில் போட்டு, கிளட்ச் பெட்டியின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு மூடுங்கள். பிறகு நியூட்ரலிலேயே ஏழெட்டு வினாடி எஞ்சினை ஏற்றுவதும் ஐடிலில் விடுவதுமாகச் சிலமுறை செய்தால் சுழற்சியிலேயே ஈரம் தெறித்துக் காய்ந்துவிடும். லோ கியரில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இன்னும் வழுக்கினால் மறுபடி முதலிலிருந்து.

புகாமல் தடுப்பதற்கு வீட்டிலேயே செய்ய வேண்டியது: காற்று உள்ளே போகும் குழாய், வெளியே வரும் குழாய் இரண்டின் கிளாம்ப்களையும் இறுக்குங்கள். கிளட்ச் மூடியின் ரப்பர் கேஸ்கெட் மடங்கியிருக்கிறதா, ஓரத்தில் பழைய சேறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியைக் கழற்றும்போதெல்லாம் கிளட்ச்சின் முகங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. சேற்றிலும் ஏற்றத்திலும் மெதுவாகப் போகும்போது லோ கியர். ஹை கியரில் தவழ்வது தண்ணீரே இல்லாமல் பெல்ட்டை எரிக்கும் வழி. ஒரு மாற்று பெல்ட்டும் அதற்கான டூலும் வண்டியிலேயே இருக்கட்டும். காட்டுக்குள் மாற்ற நேர்ந்தால், கிளட்ச் ஆறும்வரை கை வைக்காமல் காத்திருங்கள். புது பெல்ட்டுக்கு முதல் 50 கிலோமீட்டர் வரை முழு வேகமும் இழுவையும் கொடுக்காதீர்கள்.

டயர் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. இரண்டு அங்குல ஆழ ரப்பர் கட்டைகள் துருத்தும் சேற்று டயர்கள் ஹாட்ஃபீல்ட்-மெக்காயில் ஈரப் பாறை மேல் பட்டால் வழுக்கும், களிமண் பாதையைத் தோண்டிப் பள்ளமாக்கும். எடையும் அதிகம். அந்த எடை கடைசியில் பெல்ட்டின் தலையில்தான் விடியும். மிதமான கட்டையுள்ள, கம்பெனி அளவிலோ ஓர் அங்குலம் கூடுதலாகவோ, 8 பிளை (டயரின் உறுதியைக் குறிக்கும் எண்) ஆல்-டெரெய்ன் டயர் போதும். அதற்கு மேல் அளவைக் கூட்டினால் கிளட்ச்சையும் அதற்கேற்ப மாற்ற வேண்டிவரும். காற்றைக் கையேட்டில் சொன்னதைவிட 2 பிஎஸ்ஐ போலக் குறைத்தால் ஈரத்தில் பிடிப்பு தெரியும். இன்னும் குறைத்தால், பீட்லாக் (டயர் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம்மிலிருந்து டயர் கழன்று வர வாய்ப்பு உண்டு.

முழுக் கண்ணாடி வேண்டாம், பாதிக் கண்ணாடி போதும். முழுசாகப் போட்டால் மழையில் உள்ளே பனித்துவிடும். போதாக்குறைக்கு, முன்னால் மறைத்துப் பின்னால் திறந்து விட்டால், பின் சக்கரம் வாரியிறைக்கும் சேறு சுழன்று வந்து உங்கள் பிடரியில் உட்காரும். பாலிகார்பனேட் கண்ணாடியில் ஒட்டிய சேற்றை உலர் துணியால் துடைத்தால் அன்றோடு அது கீறல் கண்ணாடி. தண்ணீர் ஊற்றிக் கரைத்த பிறகுதான் துணி. சக்கரத்துக்கு மேல் ஃபெண்டர் ஃப்ளேர் (மட்கார்டை அகலமாக்கும் பட்டை) போடுங்கள், நல்ல மாற்றம் தெரியும். விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் அவரவர் விருப்பம்.

ஆனால் அந்த விளக்குக்கு வயர் இழுக்கிறீர்களே, அங்கே கவனம். ஈரத்தில் வரும் மின்கோளாறில் பெரும்பங்கு கம்பெனி வயரில் வருவதில்லை. நாமோ கடைக்காரரோ பிற்பாடு கிள்ளிச் சேர்த்த இணைப்பில்தான் வரும். வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்பை விட்டுவிட்டு, முறையாக கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். கனெக்டர்களின் ரப்பர் சீலில் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும், அப்பத் தேவையில்லை. மாட்டிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் வின்ச்சின் கான்டாக்டர் (மின் சுவிட்ச்) முனைகளை மறக்க வேண்டாம். சேற்றில் மாட்டிய பிறகு துரு பிடித்ததைக் கண்டுபிடித்து என்ன பயன்?

ரேடியேட்டர் முன்னால், முதல் அடி வாங்கும் இடத்தில் இருக்கிறது. அதை மேலே தூக்கிவைக்கும் கிட்டுகள் விற்கிறார்கள். பாதையில் ஓட்டுபவருக்குத் தேவையில்லை. சூடு காட்டும் எண்ணின் மேல் ஒரு கண் இருந்தால் போதும். வழக்கத்தைவிட ஏறினால் ஃபின்களில் களிமண் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தி ஆறவிட்டு, கையில் இருக்கும் தண்ணீரை மெதுவாக, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊற்றுங்கள். முன்னாலிருந்து பீய்ச்சினால் சேறு இன்னும் உள்ளேதான் போகும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் பள்ளத்தின் ஆழம் ஏமாற்றிவிடும். தண்ணீருக்குள் எஞ்சின் தானாக நின்றுபோனால், ஸ்டார்ட்டரை அழுத்தவே அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். வெளியே இழுத்து, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். எண்ணெயைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

இனி, ஓட்டி முடித்த பிறகு செய்யும் வேலை. அன்றைக்கே கழுவுங்கள். அந்தக் களிமண் ஒருமுறை காய்ந்தால் சுத்தியல் தேடுவீர்கள். பாதையோரம் தங்கும் இடங்களில் பெரும்பாலும் வண்டி கழுவ ஒரு மூலையில் குழாய் வைத்திருப்பார்கள், அங்கேயே முடித்துவிட்டு ட்ரெய்லரில் ஏற்றுங்கள். பிரஷர் வாஷரை பாடிக்கும் சக்கரத்துக்கும் மட்டும் காட்டுங்கள். வீல் பேரிங், ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் ஜாயின்ட்டை மூடும் மடிப்பு ரப்பர் உறை), சீல், கனெக்டர், ரேடியேட்டர், கிளட்ச்சின் காற்றுத் துளை இவற்றுக்கெல்லாம் தோட்டத்துக் குழாயின் சாதாரணத் தண்ணீர். ஓடை செய்யாத கெடுதலை அந்த வாஷர் செய்துவிடும். சீலைத் தாண்டித் தண்ணீரைப் பேரிங்குக்குள் தள்ளும் அழுத்தம் அதற்கு உண்டு. அடியில் இருக்கும் ஸ்கிட் பிளேட்டை முடிந்தால் கழற்றுங்கள். அதன் மேல் சேறும் சருகும் மூட்டையாகத் தங்கியிருக்கும். சேறு துருவுக்கு வழி. சைலன்சர் பக்கம் காய்ந்த சருகு தீக்கே வழி.

கழுவியதும் எஞ்சினை ஓடவிட்டு, பெல்ட்டை மேலே சொன்ன மாதிரி காயவைத்து, கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டுங்கள். அப்புறம்தான் கிரீஸ். தண்ணீர் தாங்கும் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸோ படகு ட்ரெய்லருக்குப் போடும் கிரீஸோ வாங்கி, ஏ-ஆர்ம் (சஸ்பென்ஷன் கை), ப்ராப் ஷாஃப்ட் (விசை கடத்தும் தண்டு) என்று கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடமெல்லாம், அழுக்குத் தண்ணீர் முதலில் வந்து சுத்தமான கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். கழுவுவதற்கு முன்னால் அடித்தால் அந்த வேலை வீண். ஆக்ஸில் பூட்டை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். சின்னக் கிழிசல் என்று விட்டால் ஜாயின்ட்டே போகும். வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், கையால் சுற்றிக் காது கொடுங்கள். ஆட்டமோ உறுமலோ இருந்தால் பேரிங் மாற்றும் நேரம். பிரேக் பேடையும் அப்போதே பார்த்துவிடுங்கள், கரித்தூள் கலந்த சேறு அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்.

மறுநாள் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன், டிஃபரன்ஷியலின் வடிகால் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். இரவெல்லாம் நின்றதில் அடியில் இறங்கியிருக்கும், இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். சுத்தமான எண்ணெய் வந்தால் இறுக்கிவிடலாம். பால் காபி நிறத்தில் வந்தால் யோசிக்கவே வேண்டாம். முழுதும் வடித்துப் புதிது ஊற்றி, சிறிது ஓட்டி, மறுபடி பாருங்கள். இரண்டாவது முறையும் வெளுத்தால் ப்ரீதரையும் சீலையும் தேடிப் போக வேண்டியதுதான்.

வின்ச்சில் சிந்தெடிக் கயிறு என்றால், முழுவதும் இழுத்துச் சேற்றை அலசிக் காயவிட்டு, ஏதாவது பாரத்தோடு இறுக்கமாகச் சுற்றுங்கள். உள்ளே மாட்டிய மணல் ஒவ்வொரு இழுவையிலும் இழையை அறுக்கும். அப்படியே ட்ரெய்லரின் பேரிங்கையும் தொட்டுப் பாருங்கள். ஐ-77இல் அவ்வளவு மழையிலும் நனைந்து வந்தது அதுவும்தான், அதற்கும் ஒரு கிரீஸ் நிப்பிள் இருக்கிறது.