காசநோய்ச் சோதனைக்குச் சளி எடுப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் கிளினிக்குப் போனால், கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து 'கஹாக்' கொண்டு வரச் சொல்வார்கள். மலாயில் கஹாக் என்றால் நெஞ்சுச் சளி. பல டப்பாக்களில் வந்து சேர்வது எச்சில்.

மைக்ராஸ்கோப்பில் இது உடனே தெரிந்துவிடும். எச்சிலில் கன்னத்து உள்தோல் உதிர்ந்த தட்டைச் செல்கள்தான் மிதக்கும். நெஞ்சுச் சளியில் மேக்ரோபேஜ் இருக்கும். நுரையீரலின் காற்றுப் பைகளில் காவலிருந்து, உள்ளே வரும் கிருமியை விழுங்கிச் செரிக்கிற செல் அது. காசநோய்க் கிருமி அந்தச் செரிமானத்தைத் தடுத்து, அதற்குள்ளேயே குடியிருக்கும். அதனால் லேபுக்கு வேண்டியது அடிநெஞ்சிலிருந்து வருவது.

முதல் நாள் இரவு தண்ணீர் நிறையக் குடியுங்கள், சளி இளகும். எடுக்க வேண்டியது விடியற்காலை, பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும் முன், வெறும் வயிற்றில். தூக்கத்தில் இருமல் அடங்கியிருப்பதால் சளி இரவெல்லாம் தேங்கி நிற்கும். பொய்ப்பல் இருந்தால் கழற்றிவிட்டு, கொதித்து ஆறிய நீரால் வாய் கொப்பளியுங்கள். கிருமிநாசினி மவுத்வாஷ் வேண்டாம், கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளர வேண்டிய கிருமியையும் அது கொன்றுவிடும்.

லயத்து (தோட்டத்து வரிசை) வீட்டுக்குள் இருமாதீர்கள். வெளியே, ஆளில்லாத இடத்தில் நின்று மூச்சை ஆழ இழுத்து, சில விநாடி பிடித்து, மெல்ல விடுங்கள். இரண்டு தடவை. மூன்றாவது மூச்சில் வயிறு இறுக இருமி, வந்ததை நேராக டப்பாவில் துப்புங்கள். தொண்டையைச் செருமினாலோ மூக்கை உறிஞ்சினாலோ வருவது மேல்சளிதான். நல்ல மாதிரி கெட்டியாக, கொழகொழவென்று, டப்பாவைச் சாய்த்தால் மெதுவாக நகரும். நுரைத்துத் தண்ணீராக ஓடினால் மறுபடி இருமுங்கள். 3 முதல் 5 மில்லி, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி போதும். அளவைக் கூட்ட எச்சிலைச் சேர்ப்பதுதான் பெரிய தவறு. ஒரு மில்லியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் வைக்கும் ஸ்லைடில் (கண்ணாடித் தகட்டில்) அகப்படும். நீர்த்துப்போனால் 'நெகட்டிவ்' என்று வந்துவிடும், ஆள் வீட்டில் இருமிக்கொண்டே இருப்பார்.

பெயரை மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும். டப்பாவின் உடம்பில் எழுதி, இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் போட்டு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தாமதமானால் 2 முதல் 8 டிகிரி குளிரில், சாப்பாட்டுப் பொருளோடு ஒட்டாமல், ஃபிரிஜ்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது. வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடையில் கிடந்தால் வாய்க்கிருமிகள் பெருகி கல்ச்சர் கெடும்.

சளியே வரவில்லையா? கிளினிக்கில் உப்பு நீரை நெபுலைசரில் (நீரை மூச்சோடு இழுக்கும் புகைபோல் ஆக்கும் கருவியில்) கொடுத்து வரவழைப்பார்கள். வீட்டில் முயல வேண்டாம், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இறுகிவிடும். வீட்டில் மீந்த ஆன்டிபயாட்டிக் ஏதாவது விழுங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில வகைகள் காசக் கிருமியைத் தற்காலிகமாக அடக்கிவைக்கும்.

சிறு பிள்ளைகளுக்கு இந்த முறை சரிப்படாது. அவர்கள் சளியை விழுங்கிவிடுவார்கள். காலையில் மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பையிலிருந்து எடுப்பதுண்டு. அது மருத்துவமனை வேலை.