ஆலய இணையத்தளம் கைப்பேசியில் ஒழுங்காக இயங்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தின் இணையத்தளத்தைத் திறப்பவர் பெரும்பாலும் கணினி முன் அமர்ந்திருப்பவர் அல்லர். சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டுக் கிறிஸ்துமசுக்கு ஊர் திரும்பும் மகன், நள்ளிரவுத் திருப்பலி எத்தனை மணிக்கு என்று பேருந்தில் இருந்தபடியே பார்க்கிறார். லிந்தாங் சாலைப் பக்கத் தோட்டத்தில் வசிக்கும் பாட்டி, இந்த வாரம் தங்கள் சிற்றாலயத்துக்குப் பாதர் வருகிறாரா என்று பேத்தியின் போனில் பார்க்கச் சொல்கிறார். ஈப்போவிலிருந்து திருமணத்துக்கு வரும் உறவினர் வழி தேடுகிறார். எப்போது, எந்த மொழியில், எங்கே, யாரை அழைப்பது என்ற நான்கு கேள்விகளுக்குள் இவர்களுடைய தேவை ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. பெரும்பாலான ஆலயத் தளங்களோ இந்த நான்கையும் பக்கத்தின் அடியில் வைத்துவிட்டு, ஆலய முகப்பின் பெரிய படத்தையும், தானாக நகரும் படவரிசையையும், பங்கின் வரலாற்றையும் மேலே வைக்கின்றன. கணினித் திரையில் இது அழகாகவே தெரியும். கைப்பேசியில் விரலால் பலமுறை தள்ளிய பிறகுதான் திருப்பலி நேரம் கண்ணில் படும்.

நேர அட்டவணையே தோட்டப்புறப் பங்குகளுக்குச் சிக்கலான பகுதி. நகரத்து ஆலயத்தில் தமிழ், ஆங்கிலம், தேசிய மொழி, மாண்டரின் என்று வாரந்தோறும் வழிபாடு மாறலாம். தோட்டத்துச் சிற்றாலயங்களிலோ மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் சனி அல்லது மூன்றாம் ஞாயிறு என்று முறை வைத்திருப்பார்கள். இதை ஆறு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையாகப் போட்டால் கைப்பேசியில் வலப்பக்கம் வெட்டுப்பட்டு, கடைசியில் இருக்கும் இடத்தின் பெயர் மறைந்துபோகும். அட்டவணை என்ற வடிவத்தையே விட்டுவிட்டு, ஒவ்வொரு சிற்றாலயத்துக்கும் பெயர், அடுத்து வழிபாடு நடைபெறும் தேதி, நேரம், மொழி ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவதே சரி. "மூன்றாம் ஞாயிறு" என்று மட்டும் எழுதாமல் தேதியையும் சேர்ப்பது நல்லது. நாட்காட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கும் பொறுமை எல்லாருக்கும் இருக்காது. பெரிய வாரத்துக்கும் (உயிர்ப்பு விழாவுக்கு முந்திய புனித வாரம்) கிறிஸ்துமசுக்கும் போட்ட சிறப்பு அட்டவணை விழா முடிந்த பிறகும் முதல் பக்கத்தில் கிடந்தால், வந்தவர் அதற்குப் பக்கத்தில் இருக்கும் சரியான நேரத்தையும் நம்பமாட்டார்.

அடுத்த தவறு மிகப் பரவலானது. எல்லா அறிவிப்பையும் படமாகவோ பிடிஎப் கோப்பாகவோ ஏற்றிவிடுவது. பங்கு மடல் ஏ4 தாளில் அச்சிடுவதற்காகத் தயாரானது. அதை அப்படியே கைப்பேசியில் திறந்தால் எழுத்து கடுகளவு சுருங்கும். விரலால் விரித்தால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே படிக்க வேண்டும். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சுற்றிய சுவரொட்டியைத் தளத்தில் ஒட்டுவதும் இதே கதைதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறியால் நம்பி எடுக்க முடியாது, பார்வைக் குறையுள்ளவரின் திரைவாசிப்பான் அதைத் தாண்டிச் சென்றுவிடும், தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது. மடலைத் தரவிறக்கம் செய்ய விரும்புவோருக்காகப் பிடிஎப் இருக்கட்டும். அதிலுள்ள அறிவிப்புகள் மட்டும் தளத்திலேயே சாதாரண எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

அப்படி எழுத்தாக மாற்றும்போது ஒரு பழைய வினை தலைகாட்டும். பல பங்கு அலுவலகங்களில் மடல் இன்னும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சாகிறது. அதிலிருந்து வெட்டி ஒட்டினால் அலுவலகக் கணினியில் தமிழாகத் தெரிவது, கைப்பேசியில் ரோமன் எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துரு கைப்பேசியில் இல்லை என்பதே காரணம். யூனிகோடு தரத்தில் தமிழ் 1991-இல் வெளியான முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. கணினித் தமிழ் எழுத்துருவுக்கு மலேசியரான முத்து நெடுமாறன் போன்றோர் இவ்வளவு செய்திருக்கும் நாட்டில், பழைய எழுத்துருவை இன்னும் பிடித்துக்கொண்டிருக்க நியாயம் எதுவும் இல்லை. மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டால் போதும்.

யூனிகோடு எழுத்தே ஆனாலும் ஆங்கிலத்துக்காகச் செய்த வார்ப்புருவில் தமிழ் பல இடங்களில் இடறும். முதலில் பார்க்க வேண்டியது, பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் என்னும் ஒற்றை வரிக் கட்டளை. அது பக்கத்தின் தலைப்பகுதியில் இல்லையென்றால் கைப்பேசி உலாவி பக்கத்தை ஏறத்தாழ 980 பிக்சல் அகலமானதாக எடுத்துக்கொண்டு, முழுவதையும் சுருக்கிக் காட்டும். பழைய தளங்களின் எழுத்து போனில் எறும்பளவு சிறுத்துத் தெரிவது இதனால்தான். அதே கட்டளையில் விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் சொல்லைச் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. வடிவமைப்பு கலையக்கூடாது என்பது அவர்களுடைய கவலை. வாசகத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் முதியவர்களைப் பற்றி அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தத் தடையை நீக்கிவிட வேண்டும்.

தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீள்பவை. "மறைக்கல்வியாசிரியர்களுக்கான" என்ற ஒரே சொல் பெரிய தலைப்பெழுத்தில் சிறிய திரையைத் தாண்டிவிடும்; தாண்டினால் பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். தலைப்பைப் பிரித்து எழுதுவதும், நீண்ட சொல் வரி முடிவில் மடங்குமாறு பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கட்டளைகளில் சொல்லி வைப்பதும் இதற்குத் தீர்வு. இருபுறமும் சமன் செய்யும் சீரமைப்பைக் கைப்பேசிக்கு வைத்தால் ஒரு வரியில் இரண்டே சொற்கள் நின்று நடுவில் பெரிய இடைவெளி விழும். இடப்பக்கச் சீர் போதும். வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரி எழுத்தின் கீழ்வளைவும் கீழ்வரி எழுத்தின் மேற்சுழியும் உரசும். உடல் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறையக்கூடாது. செப விண்ணப்பப் படிவம் போன்ற உள்ளீட்டுக் கட்டங்களில் இதைவிடச் சிறிய எழுத்து இருந்தால், ஐபோன் அந்தக் கட்டத்தைத் தொட்டவுடன் பக்கத்தையே பெரிதாக்கித் தள்ளிவிடும்.

பக்கத்தின் கனம் தோட்டப்புறத்தில் தனிக் கவனம் பெற வேண்டிய விஷயம். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே 4ஜி அலை தளரும்போது கைப்பேசிக்கு எஞ்சுவது 2ஜி மட்டுமே, அதில் படங்கள் நிறைந்த பக்கம் திறக்கவே திறக்காது. திருவிழாப் படங்களை எடுத்த கைப்பேசியிலிருந்து அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு மெகாபைட் இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, படத்தைச் சிறிய கோப்பாக்கும் வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் இருநூறு கிலோபைட் அளவுக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வேறுபாடும் தெரியாது. நேரலைத் திருப்பலியின் யூடியூப் பெட்டியையும் முகநூல் பெட்டியையும் முதல் பக்கத்திலேயே பதிப்பது, அவற்றைப் பார்க்காதவருக்கும் சேர்த்துத் தரவைச் செலவழிப்பதாகும். ஒரு படமும் இணைப்பும் வைத்தால் வேண்டியவர் தொட்டுப் போவார். முதன்மை உள்ளடக்கம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். ஆலய அலுவலக வைஃபையில் சோதித்தால் பெரும்பாலான தளங்கள் அதில் தேறிவிடும், ஆகவே தோட்டத்தில் கைப்பேசித் தரவில் சோதிக்க வேண்டும்.

காணிக்கைப் பக்கத்தில் நடக்கும் ஒரு தவறு சற்று வேடிக்கையானது. மலேசிய வங்கிகளுக்குப் பொதுவான டூயிட்நவ் கட்டண முறையின் கியூஆர் குறியீட்டைப் பெரிதாகப் போட்டு, வருடிச் (ஸ்கேன் செய்து) செலுத்துங்கள் என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்ப்பவர் கையில் இருப்பதே அந்த ஒரு கைப்பேசிதான், தன் திரையைத் தானே வருட அதனால் முடியாது. குறியீட்டைப் படமாகச் சேமிக்கும் பொத்தானும், சேமித்த படத்தை வங்கிச் செயலியில் படத்தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்ற ஒரு வரியும், நகலெடுக்கக்கூடிய எழுத்தாக வங்கிக் கணக்கு எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும். எண்ணின் முதல் 0-ஐ நீக்கிவிட்டு மலேசியாவுக்கான +60 சேர்த்தால் சிங்கப்பூரிலிருந்தும் போகும். தோட்டத்துச் சிற்றாலயத்துக்குத் தெருப்பெயரும் வீட்டு எண்ணும் இருப்பதில்லை என்பதால் முகவரியை மட்டும் எழுதிப் பயனில்லை. வழிகாட்டும் செயலியான வேஸ் அல்லது கூகுள் வரைபட இணைப்பை வாசலிலேயே நின்று எடுத்து வைக்க வேண்டும், கூடவே தோட்டத்துக்குள் எந்தச் சந்தியில் திரும்புவது என்று ஒரு வரி. மலேசியத் தேவாலயத் தளங்கள் பலவற்றில் வரும் "முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்" என்ற அறிவிப்பை முழுத்திரையாக எழும்பும் பெட்டியில் வைத்தால், அதை மூடும் பெருக்கல் குறி சிறிய திரைக்கு வெளியே போய்விடுவதுண்டு. பக்கத்தின் தலையிலோ அடியிலோ நிலையான வரியாக வைத்தால் அறிவிப்பும் தெரியும், வழியும் அடைபடாது. சுட்டியை மேலே கொண்டுபோனால் விரியும் பட்டியல்கள் விரலுக்குச் சரிவராது. பொத்தான்கள் 44 பிக்சலுக்குக் குறையாத உயரத்தில் இருந்தால் பெரிய கட்டைவிரலுக்கும் தடுமாற்றம் இல்லை.

கைப்பேசிக்காகச் சில பகுதிகளை நீக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-இல் அறிவித்த மாற்றத்தைக் கூகுள் 2023-இல் நிறைவு செய்துவிட்டது. இப்போது தேடலுக்காக அது படிப்பது தளத்தின் கைப்பேசி வடிவத்தையே. அதில் இல்லாதது தேடலிலும் இருக்காது.

கடைசித் தவறு தளத்தைப் புதுப்பிக்கும் விதத்தில் இருக்கிறது. பங்கின் இளையோரில் ஒருவர் மடிக்கணினியில் தளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ கோலாலம்பூருக்கோ போய்விடுகிறார்; பிறகு திருப்பலி நேரத்தை மாற்ற வேண்டியவர் கையில் கைப்பேசி மட்டுமே இருக்கிற பங்குச் செயலாளர். நேரம், அறிவிப்பு, படம் ஆகிய மூன்றையும் கைப்பேசியிலிருந்தே மாற்ற முடிகிறதா என்பதைத் தளம் ஒப்படைக்கப்படும் நாளிலேயே, செயலாளரை வைத்தே செய்து பார்க்க வேண்டும். தளத்தின் முகவரிப் பெயரான டொமைனைப் புதுப்பிக்கும் தேதியும் கடவுச்சொற்களும் கட்டியவரின் சொந்த மின்னஞ்சலில் தங்கிவிடாமல் ஆலயத்தின் பெயரிலுள்ள மின்னஞ்சலில் இருக்க வேண்டும், அதைத் திறக்கக் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.